செறுவாய்க்குளத்தின் கரை தானாக உடையவில்லை

அனுப்புநர்
ரெ. சஜிதா (வயது 34),
க/பெ ரெனிஷ்,
கதவு எண் 4/17, கீழத்தெரு,
மாத்தறவிளை, தக்கலை வழி,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: மாத்தறவிளை கீழத்தெரு வெள்ளம் – நிவாரணம் பெறுவதற்காக நான் கையெழுத்திட்ட பொய் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுதல் – வெள்ளத்தில் இறந்த திருமதி பூங்கனியின் மகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ள நிவாரணத்தை வழங்கவும், மற்ற குடும்பங்களுக்கு வழங்கியதைத் திரும்ப வசூலிக்காதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. கீழத்தெரு குடியிருப்போர் அளித்த 23.11.2024 நாளிட்ட வாக்குமூலம் (ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது).
2. மாத்தறவிளை கிராம சபைக் கூட்டக் குறிப்பு, நாள் 26.01.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் என் கணவர் ரெனிஷ், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஸ்மைலின் ஆகியோருடன் வசிக்கிறேன். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் பொரித்து, தக்கலையிலும் களியக்காவிளையிலும் உள்ள பேக்கரிகளுக்குக் கொடுப்பது எங்கள் தொழில். காய் சீவுவது கணவர், அடுப்பில் நிற்பது நான். இந்த மனுவில் நான் எழுதப்போகும் சில விஷயங்கள் எனக்கே எதிரானவை. தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ எழுதவில்லை.

2. எங்கள் தெரு செறுவாய்க்குளத்தின் கிழக்குக் கரைக்குக் கீழே பள்ளத்தில் உள்ளது. கரையில் ஏறி நின்றால் எங்கள் கூரை ஓடுகள் காலுக்குக் கீழே தெரியும். மொத்தம் முப்பத்தொரு வீடுகள். குளத்துக்கு மேற்கே திரு. ஜெபசீலன் என்பவருக்குச் சொந்தமான திருமண மண்டபம் இருக்கிறது. குளம் நிறைந்தால் உபரி நீர் வெளியேறும் ஓடை முன்பு அந்த மண்டபத்தில் இப்போது வண்டிகள் நிறுத்தும் இடத்தில்தான் ஓடியது. ஆறு வருடங்களுக்கு முன் அதை மண்ணடித்து மூடி, அதற்குப் பதிலாக ஒரு சிமெண்ட் குழாயைப் பதித்தார்கள். சாதாரண மழைக்கு அந்தக் குழாய் போதுமானதாக இருந்தது.

3. திரு. ஜெபசீலன் எங்கள் தேவாலயச் சபையின் கமிட்டியில் இருக்கிறார். என் மாமனார் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் அவரும் ஒருவர். நான் அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். அவர் பிறவியிலேயே கெட்டவர் என்று சொல்வதற்காக இந்த மனுவை எழுதவில்லை.

4. 17.11.2024 ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் மூன்று நாட்களாக விடாத மழை. மறுநாள் அந்த மண்டபத்தில் ஒரு திருமணம் இருந்தது. அந்தப் பந்திக்கான சிப்ஸ் எங்களிடம்தான் சொல்லியிருந்தார்கள் என்பதால் நாங்கள் இருவரும் ஆராதனைக்குப் போகாமல் வேலை செய்துகொண்டிருந்தோம். மகள் மட்டும் மேட்டில் உள்ள ஆலயத்தில் ஓய்வுநாள் பள்ளிக்குப் போயிருந்தாள். காலை பத்தரை மணி அளவில் எங்கள் பக்கக் கிழக்குக் கரைமேல் ஜேசிபி ஏறும் சத்தம் கேட்டது. குழாயால் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் மண்டபத்தின் சாப்பாட்டு அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். இயந்திரத்தை ஓட்டியவர் ஜெபசீலனின் தங்கை மகன் ஷிஜின், வயது 26. ஜெபசீலன் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். எங்கள் கொட்டகையிலிருந்து அந்த இடம் இருபது அடி தூரம்கூட இராது.

5. முதல் வெட்டு விழுந்ததுமே என் கணவர் காய் சீவும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையுடன் ஓடிக் கரையேறினார். "அண்ணா, வெட்டப்பிடாது! கீழ ஆளு கெடக்கு!" என்று அவர் கத்தியது மழையிலும் எனக்குக் கேட்டது. "ஓரமா ஒரு சாலுதான்டே வெட்டுகேன். தண்ணி வாழைத்தோட்டத்துக்குள்ள போவும். உனக்க வீட்டுக்கு ஒண்ணும் வராது" என்று ஜெபசீலன் பதில் சொன்னார். இரண்டாவது வெட்டும் மூன்றாவது வெட்டும் விழுந்தன. என் கணவர் இயந்திரத்தின் கைக்கு அடியில் போய் நின்றுகொண்டார்.

6. ஷிஜின் இருக்கையிலிருந்து ஓர் இரும்புக் கம்பியுடன் குதித்தார். முதல் அடி என் கணவரின் வலது முழங்கைக்கு மேல் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். பச்சை மூங்கில் பிளப்பது போல இருந்தது. கை தொங்கிப்போய் அவர் சேற்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரின் தோளில் இரண்டாவது அடி விழுந்தது. மூன்றாவது அடிக்குக் கம்பி தலைக்கு மேலே உயர்ந்தது. என் கையில் எண்ணெய் மொள்ளும் நீளக் காம்புக் கரண்டி இருந்தது. அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் அடி விழுந்ததுமே அதை மொண்டுகொண்டு கரைமேல் ஓடியிருந்த நான், ஷிஜினின் முகத்தில் வீசினேன்.

7. ஐயா, இதைத் தற்செயல் என்றோ கை தவறியது என்றோ நான் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் வீசினேன். இடது பக்கத் தோல் உரிந்து தாடை வரை இறங்கியதைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மாடு போலக் கதறினார். இடது கண்ணில் அவருக்குப் பார்வை திரும்பவில்லை. கணவரின் தலை பிளந்துவிடும் என்ற பயத்தில் செய்தேன் என்பது உண்மை. செய்த அந்த நிமிடத்தில் எனக்குள் ஒரு ஆங்காரமான நிறைவு இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் தங்கள் முன் வைக்கிறேன்.

8. எல்லாரும் ஷிஜினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரை போய்விட்டது. மூன்று வெட்டில் இரண்டடி அகலம் இருந்த வாய், கண் இமைக்கும் நேரத்தில் ஒரு லாரி நுழையும் அகலம் ஆனது. ஜெபசீலன் மருமகனை இழுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் ஓடினார். நான் கணவரின் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து மேட்டிலிருந்த தென்னையின் மூட்டுக்கு வந்தேன். எங்கள் கொட்டகை நின்ற இடத்தில் அடுப்புத் தீ அவிந்து புகை ஒரு ஆள் உயரம் எழுந்தது. அடுத்து கொட்டகையே இல்லை. செங்கல், ஓடு, கதவு, கிரைண்டர், யாருடையதோ ஒரு பீரோ எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு போயின. செம்மண் நிறத் தண்ணீர் ஒவ்வொரு வீட்டையும் முன்சுவரில் அடித்துப் பின்சுவர் வழியாக வெளியே வந்தது.

9. எங்களுக்கு அடுத்த வீடு பூங்கனியுடையது. வயது 58, கணவர் இல்லை. இரண்டு பசுமாடுகள் வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவர். ஒரே மகள் சுபிதா, அஞ்சுகிராமத்தில் கட்டிக்கொடுத்து அங்கேயே ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். தண்ணீர் இடுப்புக்கு ஏறும்போது பூங்கனி தொழுவத்தில் மாட்டின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். "எக்கா, மாட்ட விட்டுட்டு வாங்க!" என்று கத்தினேன். "கயறு முறுகிக் கெடக்குட்டி, ஒரு நிமிசம்" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. தொழுவத்தின் சிமெண்ட் கல் சுவர் அப்படியே அவர் மேலும் மாட்டின் மேலும் சாய்ந்தது. மாடு ஒருமுறை தலையைத் தூக்கியது. அவர் தூக்கவில்லை.

10. மறுநாள் மதியம் வாழைத்தோட்டத்தில் அவரைக் கண்டெடுத்தார்கள். ஒரு கையில் கயிறு மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. அதே மதியம் மண்டபத்தில் திருமணம் நடந்தது. சாப்பாட்டு அறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மிஞ்சிய சோறும் கறியும் பாயசமும் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்த எங்கள் தெருக்காரர்களுக்கு வந்தன. பசியோடிருந்த பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பெரியவர்களும் சாப்பிட்டோம்.

11. 20.11.2024 அன்று சேதத்தைக் கணக்கெடுக்க அலுவலர்கள் வந்தார்கள். பதினான்கு வீடுகள் முழுவதும் இடிந்திருந்தன. எங்கள் கொட்டகை, செல்வன் என்பவரின் இருசக்கர வாகனப் பழுதுபார்க்கும் கடை, ஒரு டீக்கடை, இரண்டு தையல் இயந்திரங்கள் இருந்த ஒரு அறை ஆகியவையும் போயிருந்தன. நாங்கள் நடந்ததை நடந்தபடி சொன்னோம். வந்தவர்களில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஆளு வெட்டின கரைன்னா இது பேரிடர்ல வராதும்மா. அது கிரிமினல் கேஸ். கேஸ் முடிஞ்சு கோர்ட்டு சொல்லித்தான் நஷ்டஈடு. எங்க லிஸ்ட்ல ஏத்த முடியாது" என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. வருத்தத்துடன்தான் சொன்னார். விதி உண்மையிலேயே அப்படி இருக்கிறதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் பிந்தைய எல்லாக் கேடும் தொடங்கியது.

12. 22.11.2024 அன்று நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் என் கணவருக்குக் கையில் பிளேட் வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. ஜெபசீலன் வந்தார். சிகிச்சைக் கட்டணத்தை அவரே கட்டிவிட்டிருந்தார். வராந்தாவில் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். அவர் சொன்னதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்: "சஜிதா, ஷிஜினுக்கு ஒரு கண்ணு போச்சு. நான் டாக்டர்ட்ட எண்ணெச்சட்டி கவுந்துன்னுதான் சொல்லியிருக்கேன். நான் வாயத் தொறந்தா நீ ஏழெட்டு வருசம் உள்ள கெடப்ப. கரை மழையில தானா உடஞ்சு. அப்பிடி எழுதிக் குடுத்தா உனக்கும் கேசு இல்ல, எனக்கும் கேசு இல்ல, தெருவுக்குப் பூரா நிவாரணமும் கிட்டும். ஆருக்கு என்ன நஷ்டம்?" பூங்கனியின் பெயரை நான் சொன்னேன். அவர் சுவரில் கையூன்றி அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

13. மறுநாள் அதே மண்டபத்தில் தெருக்காரர்கள் கூடினோம். தயாராக எழுதி வந்த தாளில் 'தொடர் மழை காரணமாகக் குளத்தின் கரை தானாக உடைந்தது' என்று இருந்தது. நான் தயங்கியபோது செல்வன் என் அருகில் வந்து, "வீடும் நிக்க எடமும் இல்லாம ஆறு பேரோட பள்ளிக்கூடத்துல கெடக்கேன். நீ ஒருத்தி முரண்டு பிடிச்சு முப்பது வீட்டுச் சோத்துல மண்ண அள்ளிப் போட்டிராத" என்றார். அவருடைய தாயார் தரையில் படுத்து இருமிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் கையெழுத்திட்டேன். சுபிதா மட்டும், "எங்கம்மையக் கொன்னது மழையில்ல" என்று சொல்லிவிட்டுத் தாளைத் தொடாமல் எழுந்து போனார்.

14. அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது. இடிந்த வீடுகளுக்கும் பொருட்சேதத்துக்கும் நிவாரணம் வந்தது. சிறு தொழில் செய்பவர்களுக்கான உதவி எங்களுக்கும் செல்வனுக்கும் டீக்கடைக்கும் கிடைத்தது. நாங்கள் புதிதாக அடுப்புக் கட்டினோம். சுபிதாவின் விண்ணப்பம் மட்டும், சாவுக்கும் மாடுகளுக்கும் சேர்த்து, 'இறப்பின் காரணம் குறித்து விண்ணப்பதாரர் மாறுபட்ட புகார் அளித்துள்ளதால்' நிலுவையில் வைக்கப்பட்டது. அவர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரோ, கரை தானாக உடைந்தது என்று முப்பது வீட்டார் எழுதிக் கொடுத்திருப்பதால் முடித்து வைக்கப்பட்டது. ஒரு பக்கம் புகார் இருப்பதால் நிவாரணம் இல்லை. மறுபக்கம் நிவாரணத் தாள் இருப்பதால் புகார் இல்லை. இரண்டு வாசலையும் சாத்திய அந்தத் தாளில் என் பெயர் இருந்தது.

15. 27.12.2024, பூங்கனியின் நாற்பதாம் நாள் ஜெபம். ஜெபம் முடிந்ததும் எல்லாரும் இருக்கும்போது சுபிதா என்னிடம் கேட்டார்: "எக்கா, எங்கம்மை சாவும்போ பக்கத்துல நின்னது நீங்க மட்டுந்தான். கரைய வெட்டினத நீங்க கண்டியளா, இல்லியா?" ஜெபசீலன் கதவருகே நின்றார். நான் சொன்னேன்: "நான் அடுப்படியில நின்னேன் மக்கா. ஒண்ணும் காணல்ல." சுபிதா உள்ளே போனார். எனக்கும் ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து கையில் தந்தார். அதைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நான் நின்றேன். அதன்பின் அடுப்படியில் இரண்டு முறை சூடு பட்டுக்கொண்டேன்.

16. 26.01.2025 குடியரசு தின கிராம சபைக் கூட்டம் பள்ளி வளாகத்தில் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வெள்ள நிவாரணம் முழுமையாக வழங்கப்பட்டதற்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் வாசித்தார்கள். சுபிதா எழுந்து, "முழுமையா இல்ல. எனக்க அம்மைக்க பைல் மேசைக்கடியில கெடக்கு. கரைய வெட்டினவன் முன் வரிசையில இருக்கான்" என்றார். ஷிஜின் எழுந்து வந்தார். எரிந்த முகத்தை மறைக்க அவர் கட்டியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது. சுபிதாவின் முடியைச் சுருட்டிப் பிடித்து நாற்காலிகளுக்கு நடுவே தரையில் இழுத்தார். வாயில் மிதித்தார். பிறகு ஒரு இரும்பு மடக்கு நாற்காலியை மடக்கி, அதன் விளிம்பால் அவர் முகத்தில் அடித்தார். கன்ன எலும்பு உள்ளே போனது. இரண்டு பற்கள் என் செருப்புக்கு முன்னால் வந்து விழுந்தன. நூறு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை. ஷிஜின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "எனக்க கண்ண எடுத்தவ சும்மா இருக்கா, இவளுக்குத்தான் நாக்கு நீளம்!" என்று அலறினார். அவர் அழுதுகொண்டே அடித்தார், ஐயா.

17. நான் போய் சுபிதாவின் மேல் குப்புற விழுந்தேன். அடுத்த அடி என் முதுகில் பட்டது. விலா எலும்பு ஒன்றில் விரிசல் இருப்பதாகப் பின்னர் எக்ஸ்ரேயில் தெரிந்தது. மூச்சு திரும்பியதும் நான் சத்தமாகச் சொன்னேன்: "நான் கண்டேன். ஜெபசீலன் அண்ணன் நின்னு சொல்ல, ஷிஜின் வெட்டினதை நான் கண்டேன். இவனுக்க மூஞ்சியில எண்ணெ ஊத்தினது நான்தான்." ஷிஜினின் கையிலிருந்து நாற்காலி விழுந்தது. இரண்டு பேர் அவரைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். சுபிதாவை ஆட்டோவில் ஏற்றினோம். பார்வை 2இல் கண்ட கூட்டக் குறிப்பின் கடைசி வரி இது: 'கூட்டம் அமைதியான முறையில் நிறைவுற்றது.' அதன் நகலை இணைத்துள்ளேன்.

18. 29.01.2025 பகல் பன்னிரண்டு மணிக்கு ஷிஜினும் எனக்கு அடையாளம் தெரியாத மூவரும் எங்கள் கொட்டகைக்கு வந்தார்கள். புது அடுப்பைக் கடப்பாரையால் தகர்த்தார்கள். எண்ணெய் டின்களைக் குத்தி முற்றத்தில் ஓடவிட்டார்கள். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். தடுக்கப்போன என் கணவரைத் தரையில் கிடத்தி, பிளேட் வைத்த அதே கையின் மேல் ஒருவர் ஏறி நின்றாராம். பிளேட் வளைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. நான் திரும்பி வந்து பார்த்தபோது எண்ணெயிலும் இரத்தத்திலும் அவர் வழுக்கி வழுக்கி எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார். அன்றே அந்தப் பிளேட்டை எடுத்துவிட்டார்கள்; புதிதாக வைக்க அவருக்கு நாளை மறுபடியும் அறுவை சிகிச்சை.

19. அன்று மாலை ஜெபசீலன் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "நான் சொல்லிச் செய்யல்ல சஜிதா. அவன் இப்போ எனக்க பேச்சக் கேக்கியதில்ல" என்றார். நான் அதை நம்புகிறேன். ஆனால் நவம்பர் 17ஆம் தேதி ஷிஜின் அவர் பேச்சைக் கேட்டார். அதனால்தான் இத்தனையும் நடந்தது.

20. தெருவில் பலர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். உண்மை வெளியே வந்தால் வாங்கிய நிவாரணத்தைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. அதே பயத்தில்தான் நானும் கையெழுத்திட்டேன். ஆனால் 30.01.2025 அன்று செல்வன் வந்தார். அன்று கரையில் நடந்ததைத் தன் கடை வாசலிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்திருந்ததாகச் சொன்னார். "ஸ்டேட்டஸ் வைக்கத்தான் எடுத்தேன். பின்ன பேடிச்சு ஒளிச்சு வச்சிருந்தேன். அன்னைக்கு உன்ன நான் ஏசியிருக்கப்பிடாது. எனக்க பேரையும் எழுதிக்கோ" என்றார். ஐம்பது விநாடி ஓடும் அந்தப் படத்தில் ஜேசிபி கரையை வெட்டுவதும், குடையோடு ஜெபசீலன் நிற்பதும், என் கணவர் அடிபடுவதும் தெரிகின்றன. நான் எண்ணெய் வீசுவதும் தெரிகிறது. எதையும் வெட்டாமல் முழுமையாக இணைத்துள்ளேன். செல்வனுடன் சேர்த்து எட்டு வீட்டார் முந்தைய வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்திட்ட தாளும் இணைப்பில் உள்ளது.

21. ஐயா, சட்டம் படித்தவள் அல்ல நான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கரையை மழை உடைத்திருந்தாலும் மனிதர் உடைத்திருந்தாலும் செல்வனின் தாயார் படுத்திருந்த கட்டிலை அதே தண்ணீர்தான் கொண்டுபோனது. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால்தான் உதவி என்று சொன்னால், வீடிழந்தவர்கள் எதைச் சொல்வார்கள் என்பது யாருக்கும் தெரியும். வெள்ளத்தில் எல்லாம் இழந்த ஒருவர், அந்த உதவியைப் பெறுவதற்காக, தன் வீட்டை இடித்தவரின் மண்டபத்தில் உட்கார்ந்து பொய் எழுத வேண்டிய நிலை இனி ஒரு தெருவுக்கும் வரக்கூடாது.

22. எனவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்பவை:

அ) பூங்கனியின் மகள் சுபிதாவுக்குரிய நிவாரணத்தை, அவருடைய புகாரைக் காரணம் காட்டி மேலும் நிறுத்தாமல் உடனே வழங்க ஆணையிட வேண்டும்.

ஆ) கீழத்தெருவில் மற்றவர்கள் பெற்ற நிவாரணத்தைத் திரும்ப வசூலிக்கக் கூடாது. பொய்க்குத் தண்டனை வேண்டுமென்றால் என் பெயருக்கு வந்த தொழில் உதவியிலிருந்து தொடங்கலாம். அதில் அடுப்புக்குச் செலவானது போக மீதி அப்படியே வங்கியில் இருக்கிறது.

இ) கரை வெட்டப்பட்டதையும், பூங்கனியின் மரணத்தையும், சுபிதா மீதும் என் கணவர் மீதும் நடந்த தாக்குதல்களையும் முடித்து வைக்கப்பட்ட புகாரை மீண்டும் திறந்து, விசாரிக்க வேண்டும். என் மீதான விசாரணையையும் அதனுடன் சேர்த்தே நடத்தலாம்.

ஈ) மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் மூடப்பட்ட ஓடையை அடுத்த மழைக்காலத்துக்குள் திறக்க வேண்டும். கரையில் இப்போது மணல் மூட்டைகள்தான் இருக்கின்றன.

உ) மனிதரால் ஏற்பட்ட வெள்ளத்துக்கு நிவாரணம் உண்டா இல்லையா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு வாய்வார்த்தைதான் கிடைத்தது.

ஊ) ஷிஜினின் முகத்துக்கு இன்னும் இரண்டு அறுவை சிகிச்சைகள் தேவை என்று கேள்விப்பட்டேன். அவருக்கு அரசுக் காப்பீட்டில் அதைச் செய்ய வழி இருந்தால் செய்து தர வேண்டும். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று அவர் சொல்லலாம். இருந்தாலும் கேட்கிறேன்.

இணைப்பு: வாக்குமூல நகல், கிராம சபைக் குறிப்பின் நகல், எட்டு வீட்டார் கையெழுத்திட்ட தாள், மருத்துவச் சான்றுகள் மூன்று, படம் அடங்கிய பென்டிரைவ் ஒன்று.

23. இன்று குறைதீர் கூட்டத்தில் இந்த மனுவைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு, இதன் மறுபிரதியுடன் நேரே எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போகிறேன். அங்கேயே என்னை இருத்திக்கொள்ளக் கூடும் என்று வழக்கறிஞர் சொன்னார். கணவர் மருத்துவமனையில் இருப்பதால் மகளை என்ன செய்வது என்று நேற்று வரை தெரியாமல் இருந்தது. சுபிதாவுக்கு இன்னும் வாய் முழுதும் திறக்க முடியாது. கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இந்த மனுவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாளின் பின்பக்கத்தில், "பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன் எக்கா. எத்தன மணிக்கு பள்ளிக்கூடம் விடும்?" என்று எழுதிக் காட்டினார். மூன்றே முக்காலுக்கு விடும் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்)
ரெ. சஜிதா

இடம்: நாகர்கோவில்
நாள்: 10.02.2025